ஜவுளிக்கடை சேல்ஸ்ல புதுசா சேருறீங்களா? நாள் முழுக்க நிக்கிற காலைப் பாத்துக்குற வழி

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட் பில்லிங்னு எங்க வேலைக்குச் சேர்ந்தாலும் முத வாரம் கால் கடுக்குதுன்னு வாயைத் திறந்தா பழைய ஆளுங்க எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவாங்க, "போகப் போக பழகிடும்". பாதி உண்மை. தொடை, இடுப்பு எல்லாம் ரெண்டு மூணு வாரத்துல ஓரளவு பழகிடும். குதிகாலும் கெண்டைக்கால் நரம்பும் அப்படி இல்ல, அதுக பழகுன மாதிரி சும்மா இருந்துட்டு வருஷம் கழிச்சு மொத்தமா கணக்கு கேக்கும். நான் தி.நகர் பக்கம் ஒரு பெரிய கடைல சேலை செக்ஷன்ல நின்னவ, கூட நின்ன அக்காங்க பாதிப்பேருக்கு நரம்பு சுருட்டல், மீதிப்பேருக்கு காலைல எந்திரிச்சா குதிகால் ஊன முடியாது. அதனால இதை படிப்படியா எழுதி வைக்கிறேன். செய்ய வேண்டியதுல பெரும்பகுதி வேலைல சேர்றதுக்கு முன்னாடியும் முத மாசத்துலயும் செய்ய வேண்டியது, வலி வந்தப்பறம் செஞ்சா செலவு பல மடங்கு.

ரேட் எல்லாம் சென்னைல நான் பாத்த உத்தேச ரேட், உங்க ஊர்ல நூறு இருநூறு முன்னப் பின்ன இருக்கும்.

1. சேர்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி

இன்டர்வியூல சம்பளம், ஹாஸ்டல், சாப்பாடு கேப்போம், இதையும் கூடவே கேட்ருங்க. கடைக்குள்ள செருப்பு போடலாமா, இல்ல வெறுங்காலா? யூனிஃபார்ம்ல ஷூ அவங்க குடுக்குறாங்களா, நாம வாங்கணுமா, கலர் என்ன? எந்த செக்ஷன்? மதியம் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம், சாயந்தரம் டீக்கு விடுவாங்களா?

செக்ஷன் கேள்வி சின்னதா தெரியும், ஆனா காலுக்கு அதுதான் முக்கியம். பழைய ஸ்டைல் பட்டு செக்ஷன்ல மெத்தை போட்டு உக்காந்தே சேலை விரிச்சுக் காட்டுவாங்க, அங்க முட்டிதான் போகும், பாதம் தப்பிக்கும். ரெடிமேட், சுடிதார் பக்கம்னா ரேக்குக்கும் ட்ரையல் ரூமுக்கும் நடந்துகிட்டே இருப்பீங்க, அது கூட பரவால்ல, நடக்குறப்போ கெண்டைக்கால் சதை அமுங்கி அமுங்கி ரத்தத்தை மேல தள்ளிடும். ரொம்ப மோசம் எதுன்னா கவுண்டருக்குப் பின்னாடி ரெண்டடி இடத்துல அசையாம நிக்கிறதும், வாசல்ல வாங்க வாங்கன்னு கும்பிட்டுகிட்டு நிக்கிறதும். முதல்லயே நரம்பு சுருட்டல் இருக்கு, சுகர் இருக்குன்னா இந்த ரெண்டு இடத்தையும் தவிர்க்கச் சொல்லி சேர்றப்பவே கேட்டுப் பாருங்க, சேர்ந்தப்பறம் செக்ஷன் மாத்துறது குதிரைக் கொம்பு.

2. பாதத்தை அளங்க, சாயந்தரம்

நம்மள்ல நிறைய பேர் பத்தாவது படிக்கிறப்போ போட்ட சைஸையே இன்னும் சொல்லிட்டு இருக்கோம். வயசு, உடம்பு எடை, பிரசவம் இதுல எல்லாம் பாதம் நீளமும் அகலமும் மாறும். இன்னொண்ணு, நாள் முழுக்க நின்னா சாயந்தரம் பாதம் வீங்கும், அதனால காலைல பத்து மணிக்கு கச்சிதமா இருந்த ஷூ ராத்திரி எட்டு மணிக்கு நெரிக்கும். அளக்குறது, வாங்குறது ரெண்டுமே சாயந்தரம் வச்சுக்கோங்க.

ஒரு வெள்ளைத்தாளை தரைல ஒட்டிட்டு அது மேல ரெண்டு கால்லயும் சமமா எடை போட்டு நில்லுங்க, உக்காந்துகிட்டு அளக்கக் கூடாது. பென்சிலை நேரா நிமித்திப் பிடிச்சு வேற யாரையாவது சுத்தி வரையச் சொல்லுங்க, நீங்களே குனிஞ்சு வரைஞ்சா எடை முன்னாடி சாஞ்சு அளவு தப்பாகும். ரெண்டு காலையும் வரையணும், பல பேருக்கு ஒரு கால் கொஞ்சம் பெருசு, பெரிய கால் அளவுக்குத்தான் வாங்கணும். சிலருக்கு கட்டைவிரலை விட பக்கத்து விரல் நீளமா இருக்கும், அப்ப அந்த விரல் நுனிலேர்ந்து குதிகால் வரைக்கும் அளக்கணும். அந்த நீளத்தோட சுமார் 1 சென்டிமீட்டர் சேத்துக்கோங்க. தாளை அப்படியே வெட்டி மடிச்சு பைல வச்சுக்கோங்க, கடைல வேலை இருக்கு.

3. ஷூ வாங்குறது

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறது, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

பொம்பளைங்களுக்கு யூனிஃபார்ம் சேலைக்குக் கீழ எடுப்பா இருக்கும்னு கறுப்பு பெல்லி வாங்குவாங்க, 300 ரூபா, அடி காகிதம் மாதிரி இருக்கும், கிரானைட் தரைல அது போட்டாலும் ஒண்ணு போடாட்டியும் ஒண்ணு. ஆம்பளைங்க கறுப்பு ஃபார்மல் ஷூ, அடி கல்லு கணக்கா பிவிசி, முன்னாடி ஊசியா இருக்கும், சுண்டுவிரல்ல கால் ஆணி நிச்சயம். ரெண்டுமே வேண்டாம். முழுக்கறுப்புல ஸ்போர்ட்ஸ் ஷூவும் வாக்கிங் ஷூவும் வருது, லோகோ பெருசா தெரியாததா பாத்து எடுத்தா பெரும்பாலான சூப்பர்வைசர்ங்க ஒண்ணும் சொல்றதில்ல. வாங்குறதுக்கு முன்னாடி ஃபோட்டோ எடுத்து காட்டி, "அண்ணே, இது போடலாமாண்ணே"ன்னு கேட்டுட்டு வாங்குங்க, அப்பறம் வாசல்ல நிறுத்தி வச்சுட்டா காசு தண்டம்.

கடைல எடுத்ததும் செய்ய வேண்டியது இது. உள்ள பாதத்துக்கு அடில இருக்கற மெத்தைய, அதான் இன்சோலை, வெளிய உருவுங்க, அது மேல வெறுங்காலோட நில்லுங்க. விரலோ பாதத்து ஓரமோ இன்சோலைத் தாண்டி வெளிய வந்தா அந்த ஷூ உங்களுக்கு அகலம் பத்தாது, சைஸ் நம்பர் சரியா இருந்தாலும் வேண்டாம். இன்சோல் கழட்ட வராத ஷூன்னா நீங்க வெட்டி வச்ச தாளை அடிப்பக்கம் வச்சுப் பாருங்க. அடுத்து, ஷூவை ரெண்டு கையாலயும் பிடிச்சு வளைங்க, விரல் மடங்குற இடத்துல மட்டும் மடங்கணும், நடுவுல மடங்குச்சுன்னா வச்சுடுங்க. துணி பிழியிற மாதிரி முறுக்குனா சுலபமா முறுக்கக் கூடாது. பின்னாடி குதிகால் பக்கம் அழுத்துனா அமுங்காம கெட்டியா நிக்கணும். குதி உயரம் 2, 3 சென்டிமீட்டர் இருந்தா போதும், முழுத் தட்டையும் வேண்டாம், ஹீல்ஸும் வேண்டாம்.

இப்ப ரெண்டு காலும் போட்டுட்டு கடைல தரைவிரிப்பு இல்லாத இடத்துல பத்து நிமிஷம் நில்லுங்க. நடந்து பாக்கச் சொல்லுவாங்க, நடங்க, ஆனா நம்ம வேலை நிக்கிறது, அதனால நின்னு பாருங்க. விரலை உள்ள ஆட்ட முடியணும், முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், குதிகால் வழுக்கி மேல வரக்கூடாது. "போட போட லூஸ் ஆயிடும்மா"ன்னு கடைக்காரர் சொல்லுவாரு. நாமளும் சேல்ஸ்தானே, நமக்குத் தெரியாதா.

ரொம்ப மெத்து மெத்துன்னு இருக்கறதும் பொறிதான். கை வச்சு அமுக்குனா புசுபுசுன்னு உள்ள போற ஷூ முத நாள் சொர்க்கமா இருக்கும், மூணு மாசத்துல அந்த நுரை செத்துப்போயி தரைல நிக்கிற மாதிரி ஆயிடும், கால் உள்ளுக்குள்ளயே ஆடிகிட்டும் இருக்கும். லேசா அமுங்கி திரும்பி எழும்பணும், அது போதும்.

விலை 1000லேர்ந்து 2000க்குள்ள தாராளமா கிடைக்கும், அதுக்கு மேல குடுக்கறது பிராண்டுக்கு. 2500ல ஒரு ஜோடி வாங்குறதுக்கு 1200ல ரெண்டு ஜோடி வாங்குறது உத்தமம், ஏன்னா வேர்வை ஊறுன ஷூ ஒரு ராத்திரில காயாது, மாத்தி மாத்திப் போட்டா சேத்துப்புண்ணும் வராது, ஷூவும் கூட நாள் உழைக்கும். ஒரே நேரத்துல ரெண்டுக்கும் காசு இல்லைன்னா அடுத்த சம்பளத்துல ரெண்டாவது. பில்லைப் பத்திரமா வச்சுக்கோங்க, வீட்டுத் தரைல மட்டும் போட்டுப் பாத்துட்டு சரியில்லைன்னா எத்தனை நாளைக்குள்ள மாத்தித் தருவாங்கன்னு பில் போடுறப்பவே கேட்டுருங்க.

சுகர் இருக்கவங்களுக்கு மட்டும் தனியா ஒரு வார்த்தை. எம்சிஆர் செருப்புன்னு கேட்டு வாங்குங்க, சுகர் காலுக்குன்னே இருக்கற மெத்தை ரப்பர் செருப்பு, பின்னாடி வார் வச்சது கிடைக்கும். ஷூ போட்டா தினமும் போடுறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டு கல்லு, ஆணி, மடிஞ்ச இன்சோல் எதாவது இருக்கான்னு தடவிப் பாத்துடணும், மரத்துப்போன கால்ல குத்துறது தெரியாது.

4. கடைக்குள்ள வெறுங்கால்தான்னு சொன்னா

சில கடைல கஸ்டமரே செருப்பைக் கழட்டிட்டுதான் உள்ள வரணும், அங்க ஸ்டாஃபும் வெறுங்கால்தான். டைல்ஸ், மார்பிள், அது மேல ஏசி குளிர். இதுக்கு மூணு வழி. முத வழி, கடைக்குள்ள மட்டும் போடுற, வெளிய மண்ணுல படாத சுத்தமான செருப்புக்கு அனுமதி கேக்கறது, துணி அழுக்காகும்ங்கறதுதான் அவங்க கவலைன்னா இதுக்கு ஒத்துக்க வாய்ப்பு இருக்கு. டாக்டர் சீட்டு இருந்தா இன்னும் சுலபம். ரெண்டாவது, அடில ரப்பர் புள்ளி வச்ச கெட்டி சாக்ஸ், உள்ள குதிகாலுக்கு சிலிகான் கப். வழவழ சாக்ஸ் மட்டும் வேண்டாம், மார்பிள்ல சறுக்கி விழுந்துருவீங்க. மூணாவது, கவுண்டருக்குப் பின்னாடி உங்க இடத்துல ஒரு கெட்டி ரப்பர் மேட். இதுக்குன்னே விக்கிற மேட் விலை அதிகம், அதைக் கடையே போட்டுத் தரணும், கேட்டுப் பாருங்க. ஜிம்ல போடுற மாதிரி கெட்டி நுரைத் துண்டு போட்டாலும் நல்லாவே வித்தியாசம் தெரியும். அட்டைப்பெட்டியப் பிரிச்சுப் போட்டு நிக்கிற அக்காங்களைப் பாத்திருப்பீங்க, அதுவும் ஒண்ணும் இல்லாததுக்கு மேல்.

5. இன்சோல், சாக்ஸ்

சிலிகான் குதிகால் கப் ஜோடி 150லேர்ந்து 400 வரைக்கும். குதிகால் மட்டும் வலிச்சா அது போதும். ஒரு கால்ல மட்டும் போடாதீங்க, ரெண்டுலயும் போடணும். முழு இன்சோல்னா பழைய இன்சோலைக் கழட்டிட்டுதான் புதுசு வைக்கணும், அது மேலயே வச்சா குதிகால் மேல ஏறி ஷூ டைட்டாகும். பாத வளைவைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி மேடு வச்ச இன்சோல் எல்லாருக்கும் ஒத்துக்காது, முத நாலஞ்சு நாள் ஒரு மணி, ரெண்டு மணின்னு போட்டுப் பழகுங்க. ஆன்லைன்ல காந்தம், அக்குபிரஷர் முள்ளுன்னு போட்டு விக்கிறதைத் தொடாதீங்க, எட்டு மணி நேரம் முள்ளு மேல நிக்க முடியாது.

சாக்ஸ் வெறும் காட்டன்ல வேண்டாம், காட்டன் கலந்தது எடுங்க. சுத்தக் காட்டன் வேர்வையக் குடிச்சுட்டு ஈரமாவே இருக்கும், ஈரத்துலதான் கொப்புளம். மூணு ஜோடி 250 ரூபாக்குள்ள கிடைக்கும். ஒரு ஜோடிய பைல வச்சுகிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்துல மாத்துங்க. இவ்வளவு சின்ன விஷயம் சாயந்தரத்தை எப்படி மாத்தும்னு செஞ்சு பாத்தாதான் தெரியும். மழைக்காலத்துல ஷூ நனைஞ்சா வெயில்லயோ அடுப்பு பக்கத்துலயோ வைக்காம உள்ள நியூஸ்பேப்பர் திணிச்சு ஃபேனுக்குக் கீழ வைங்க.

நரம்பு சுருட்டலுக்குப் போடுற ஸ்டாக்கிங், அதான் காலை இறுக்கிப் பிடிக்கிற நீள சாக்ஸ் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. நல்லதுதான், ஆனா டாக்டர்கிட்ட காட்டிட்டு அவர் எழுதிக் குடுக்குற அழுத்தத்துலதான் வாங்கணும், கால்ல ரத்த ஓட்டம் குறைவா இருக்கவங்க, சுகர்ல கால் மரத்தவங்க போட்டா ஆபத்து. கணுக்கால், கெண்டைக்கால் சுத்தளவு காலைல வீக்கம் வர்றதுக்கு முன்னாடி எடுக்கணும், அதாவது ஷூவுக்கு நேர் எதிரு. போடுறதும் காலைல, கட்டில விட்டு எறங்குறதுக்கு முன்னாடி, ராத்திரி படுக்கறப்போ கழட்டிடணும். நல்லதா வாங்கணும்னா ஆயிரத்துக்குக் குறைஞ்சு வராது.

6. புதுசை நேரா கடைக்குப் போட்டுட்டுப் போகாதீங்க

வீட்ல ஒரு மணி, ரெண்டு மணின்னு ஒரு வாரம் போட்டுட்டு அப்பறம் அரை ஷிஃப்ட், அப்பறம் முழு ஷிஃப்ட். ஆடித் தள்ளுபடி, தீபாவளி வாரத்துல புது ஷூவ எடுக்கவே கூடாது, அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வாங்கிப் பழக்கிடணும்.

7. நிக்கிற விதம்

ஷூவுல கிடைக்கிற நன்மை பாதிதான், மீதிப் பாதி இதுல.

முட்டிய விறைப்பா பின்னாடி பூட்டிகிட்டு நிக்காதீங்க, லேசா தளர்த்தி வைங்க. கவுண்டர் ரேக்கோட அடித்தட்டு ஒரு பத்து பதினஞ்சு சென்டிமீட்டர் உயரத்துல இருக்கும் பாருங்க, கஸ்டமருக்குத் தெரியாது, அதுல ஒரு காலைத் தூக்கி வைங்க, கொஞ்ச நேரம் கழிச்சு அடுத்த கால். இடுப்பு வலி உடனே எறங்கும். ரேக் இல்லைன்னா கட்டையோ கெட்டியான பெட்டியோ வச்சுக்கோங்க. துணி பண்டல் மேல மட்டும் வைக்காதீங்க, அதுக்குத் திட்டு வாங்குனவங்க நிறைய பேர்.

சும்மா நிக்கிற நேரத்துல குதிகாலைத் தூக்கி விரல் நுனில நின்னு மெதுவா எறக்குங்க, பத்து பதினஞ்சு தடவை, அரை மணிக்கு ஒரு தடவை. சேலை மடிச்சுகிட்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. கெண்டைக்கால் அமுங்கித்தான் கால்ல தேங்குற ரத்தம் மேல போகும், அசையாம நின்னா அது கணுக்கால்லயே தங்கிடும், சாயந்தரம் சாக்ஸ் தடம் பள்ளமா விழுறது அதனாலதான். ஸ்டாக் எடுத்துட்டு வர்ற வேலை, மேல் ஃப்ளோர்ல குடுத்துட்டு வர்ற வேலை வந்தா நானு நானுன்னு போங்க, மத்தவங்க சோம்பேறித்தனத்துல விடுற வேலைதான் நம்ம காலுக்கு மருந்து.

தண்ணி. பாத்ரூம் போக விடமாட்டாங்கன்னு பொம்பளைங்க நிறைய பேர் தண்ணியே குடிக்கறதில்ல. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நீர்க்கடுப்பு வேற வரும். ஒரே மூச்சுல குடிக்காம கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, பக்கத்து செக்ஷன் ஆளோட பேசி வச்சுகிட்டு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் போயிட்டு வாங்க. ஒரு அஞ்சு நிமிஷ நடையும் ஆச்சு.

8. உக்கார்றது உங்க உரிமை, கேக்கற விதத்துல கேளுங்க

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 2021-ல 22-ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. வேலை நேரத்துல உக்கார வாய்ப்பு கிடைக்கறப்போ உக்கார்றதுக்கு எல்லா ஊழியருக்கும் கடைல இருக்கை வசதி இருக்கணும்னு அது சொல்லுது. நாள் முழுக்க உக்காந்திருக்கலாம்னு அர்த்தம் இல்ல, கஸ்டமர் இல்லாதப்போ உக்கார இடம் இருக்கணும், அவ்வளவுதான். அதே சட்டத்துலதான் நாளைக்கு 8 மணி நேரம், வாரம் 48 மணி நேரம், தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்குனா நடுவுல 1 மணி நேரம் இடைவேளைங்கற கணக்கும் இருக்கு.

நடைமுறைல எப்படின்னா, ஸ்டூல் இருக்கும், ஆனா அது மேல பண்டல் அடுக்கி வச்சிருப்பாங்க. இல்ல, இன்ஸ்பெக்ஷன் வர்ற அன்னைக்கு மட்டும் ஸ்டூல் எங்கேர்ந்தோ மொளைச்சு வரும். நான் நின்ன கடைல உக்காந்தா கேமரால பாத்துட்டு கீழேர்ந்து ஃபோன் வரும், "அந்தப் பச்சை யூனிஃபார்ம் பொண்ணு யாரு"ன்னு. அதனால தனியா போயி சட்டம் பேசாதீங்க. முதல்ல சூப்பர்வைசர்கிட்ட வேலையோட சேத்துக் கேளுங்க, "அண்ணே, கூட்டம் இல்லாத நேரம் பிரிச்ச சேலையெல்லாம் ஸ்டூல்ல உக்காந்து மடிச்சு வச்சுடுறேண்ணே, கஸ்டமர் வந்தா எந்திரிச்சுக்கறேன்". இதுக்கு மாட்டேன்னு சொல்றவங்க கம்மி. மடிக்கிறது, ஃபால்ஸ் கணக்கு எழுதுறது, ஸ்டிக்கர் ஒட்டுறது இந்த மாதிரி உக்காந்து செய்யிற வேலைய வார நாள் காலைல, கடை ஈயாடுற நேரத்துக்கு ஒதுக்குங்க.

அதுக்கும் ஒத்து வரலைன்னா நாலஞ்சு பேர் சேந்து மேனேஜர்கிட்ட எழுதிக் குடுங்க, ஒரு காப்பி கைல வச்சுக்கோங்க. அதுக்கும் மேலன்னா உங்க ஏரியா தொழிலாளர் உதவி ஆய்வாளர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம், முதல்வர் ஹெல்ப்லைன் 1100க்கும் ஃபோன் பண்ணலாம். மனுல கடை பேர், விலாசம், எந்த மாடி, எத்தனை பேர் வேலை பாக்கறாங்க, எத்தனை ஸ்டூல் இருக்குன்னு எழுதுனா போதும், அழுது புலம்பி ரெண்டு பக்கம் எழுத வேண்டாம். ஹாஸ்டல்ல தங்கி இருக்கவங்க இதைச் செய்யிறதுக்கு முன்னாடி வேலை போனா எங்க தங்குறதுன்னும் யோசிச்சு வச்சுக்கோங்க, இதைச் சொல்லாம விட்டா நான் நேர்மையா எழுதுனதா ஆகாது.

9. ராத்திரி ரூமுக்கு வந்ததும்

சோப்பு போட்டு காலைக் கழுவி விரலிடுக்கு எல்லாம் துணியால ஒத்தி எடுங்க, சேத்துப்புண் அங்கதான் ஆரம்பிக்கும். அப்பறம் சுவரோரம் மல்லாக்கப் படுத்து ரெண்டு காலையும் சுவத்துல சாய்ச்சு மேல தூக்கி வைங்க, பத்து பதினஞ்சு நிமிஷம், ஃபோன் பாத்துகிட்டே செய்யலாம். ஹாஸ்டல்ல அடுக்குக் கட்டில்னா கெண்டைக்காலுக்குக் கீழ தலகாணிய மடிச்சு வச்சுத் தூங்குங்க.

வெந்நீர்ல உப்பு போட்டு கால் வைக்கிறது இதம்தான், வைக்கலாம், சூட்டை முழங்கையால தொட்டுப் பாத்துட்டு. சுகர் இருக்கவங்க வேண்டவே வேண்டாம், சூடு தெரியாம வெந்து போயி புண்ணாகி ஆஸ்பத்திரில கிடந்தவங்க உண்டு.

காலைல முத அடி வைக்கறப்போ குதிகால்ல ஊசி குத்துற மாதிரி வலி, நாலு எட்டு நடந்தா கொறையுது, இப்படி இருந்தா அது குதிகால்லேர்ந்து விரல் வரைக்கும் போற ஜவ்வோட பிரச்சனை. கட்டில்லயே உக்காந்து துண்டை பாதத்து முன்பக்கம் மாட்டி உங்க பக்கம் அரை நிமிஷம் இழுத்துப் பிடிங்க, மூணு தடவை, அப்பறமா எறங்குங்க. சாயந்தரம் தண்ணி பாட்டில ஃப்ரீசர்ல வச்சு ஐஸாக்கி துணி சுத்தி உள்ளங்காலுக்குக் கீழ அஞ்சு பத்து நிமிஷம் உருட்டுங்க. சுவத்துல கை ஊனி ஒரு காலைப் பின்னாடி நீட்டி குதிகாலைத் தரைல அழுத்தி கெண்டைக்காலை இழுத்து விடுறதும் நல்லா கேக்கும். ரெண்டு நாள் செஞ்சுட்டு கேக்கலைன்னு விட்டுடாதீங்க, இது வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல மெதுவா கொறையிறது.

கால் ஆணிய பிளேடால சீவாதீங்க. மெடிக்கல்ல விக்கிற கால் ஆணி பிளாஸ்டர்ல ஆசிட் இருக்கு, சுகர் இருக்கவங்க ஒட்டக்கூடாது. ஆணிக்கு மூல காரணம் பெரும்பாலும் ஷூ நெரிக்கிறதுதான், அதை மாத்தாம ஆணிய மட்டும் எடுத்தா திரும்ப வரும். மெடிக்கல்ல நாலு வலி மாத்திரை வாங்கி தினமும் போட்டுகிட்டு நிக்கிறது நம்ம தொழில்ல ரொம்ப சகஜம், வயித்தையும் கிட்னியையும் கெடுக்கும், டாக்டர் சொல்லாம வேண்டாம்.

10. ஈஎஸ்ஐ: சேர்ந்த வாரமே கேட்டு வாங்குங்க

ஈஎஸ்ஐன்னா தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. சம்பளம் மாசம் 21,000க்குள்ளன்னா அந்த வரம்புக்குள்ள வருவீங்க. உங்க சம்பளத்துல 0.75 சதவீதம் பிடிப்பாங்க, முதலாளி 3.25 சதவீதம் போடுவாரு. 14,000 சம்பளம்னா உங்ககிட்ட 105 ரூபா, அவர்கிட்ட 455. பே சிலிப்ல பிடிச்ச தொகை இருக்கான்னு பாருங்க, பிடிச்சுட்டு கட்டாம விடுறவங்களும் இருக்காங்க.

குடுக்க வேண்டியது: ஆதார் காப்பி, பேங்க் பாஸ்புக் முத பக்கம், ஃபோட்டோ, வீட்ல உள்ளவங்க பேரு, பிறந்த தேதி, அவங்க ஆதார், நாமினி பேரு. ஆதார்ல இருக்கற பேரும் பாஸ்புக்ல இருக்கற பேரும் இனிஷியல் உட்பட ஒண்ணா இருக்கணும், இங்கதான் முக்கால்வாசி பேருக்கு இழுத்தடிக்கும். கடைல பதிவு பண்ணதும் 10 இலக்க இன்சூரன்ஸ் நம்பர் வரும், அது போட்ட இ-பெஹ்சான் கார்டை பிரின்ட் எடுத்து கடை முத்திரையோட வாங்கிக்கோங்க. டிஸ்பென்சரிய, அதாவது முதல்ல போயி காட்ட வேண்டிய ஈஎஸ்ஐ மருந்தகத்தை, நீங்க தங்கி இருக்கற இடத்துக்குப் பக்கத்துல கேளுங்க, ஹெச்ஆர் பாட்டுக்கு எதாவது ஒண்ணைப் போட்டுடுவாங்க. பெருசா பாக்கணும்னா அங்கேர்ந்து எழுதி அனுப்புவாங்க, சென்னைல கே.கே.நகர், அயனாவரம் ரெண்டு இடத்துலயும் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கு.

டாக்டர் பாக்கறதுக்கு முத நாள்லேர்ந்தே உரிமை உண்டு. உடம்பு முடியாம போடுற லீவுக்குக் காசு வர்றதுக்கு மட்டும் கணக்கு வேற. ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் 78 நாளாவது சந்தா கட்டி இருந்தா அடுத்த ஜனவரி–ஜூன்ல கிடைக்கும், அக்டோபர்–மார்ச்ல கட்டுனது ஜூலை–டிசம்பருக்கு. புதுசா சேர்ந்தவங்களுக்கு 9 மாசம் ஆன பிறகுதான் ஆரம்பிக்கும். சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும், பொதுவா முத ரெண்டு நாளுக்கு வராது. சர்டிஃபிகேட் ஈஎஸ்ஐ டாக்டர்கிட்ட வாங்கணும், தெருமுனை கிளினிக் சீட்டை நம்பி லீவு போட்டுட்டு அப்பறம் அலையாதீங்க.

11. இதுக்கெல்லாம் காத்திருக்காதீங்க

ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி, கெண்டைக்கால் சூடா, செவந்து, வலிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி, அது ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சதா இருக்கலாம், கூடவே மூச்சு வாங்குச்சுன்னா 108. தேய்ச்சு விடக்கூடாது. கணுக்கால் பக்கம் தோல் கறுத்து அரிச்சு புண்ணு ஆறாம இருந்தா நரம்பு சுருட்டல் முத்துதுன்னு அர்த்தம், ரத்தநாளப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரில காட்டுங்க, டாப்ளர் ஸ்கேன் எடுப்பாங்க. சுகர் இருந்து கால்ல சின்னக் கொப்புளம் வந்தாலும் அன்னைக்கே காட்டணும். குதிகால் வலி மேல சொன்னதெல்லாம் செஞ்சும் ஆறு வாரத்துல கொறையலைன்னா ஆர்த்தோ, அதான் எலும்பு டாக்டர். மாசமா இருக்கவங்க கால் வீக்கத்தோட தலைவலி, கண் மங்கல் இருந்தா உடனே டாக்டர்.

12. கைல காசு கம்மியா இருந்தா எந்த வரிசைல வாங்குறது

சேர்றப்போ 1500 ரூபாதான் இருக்குன்னா: ஒரு ஜோடி நல்ல ஷூ, மூணு சாக்ஸ், வேற ஒண்ணும் வேண்டாம். முத சம்பளத்துல ரெண்டாவது ஷூ. குதிகால் கடுத்தா மட்டும் சிலிகான் கப், கடுக்கலைன்னா அந்தக் காசு மிச்சம். ஸ்டாக்கிங், மேட், முழு இன்சோல் எல்லாம் தேவை வந்தா, டாக்டர் சொன்னா. தினமும் போடுற ஷூ அடி ஒரு பக்கமா தேஞ்சு மேசை மேல வச்சா சாஞ்சு நின்னுச்சுன்னா மேல புதுசா பளபளன்னு இருந்தாலும் அதுக்கு ஆயுசு முடிஞ்சுது, ஒரு ஜோடியவே தினம் போட்டா வருஷத்துக்குள்ளயே அந்த நிலைமை வந்துடும். தீபாவளி போனஸ்லதான் புதுசுன்னு நினைச்சிருந்தீங்கன்னா அதை மட்டும் மாத்திக்கோங்க, ஆடி முடிஞ்ச கையோட வாங்குங்க.